கேமரா இரண்டு உம் கொட்டுகிறது

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்குக் கேமரா வந்தது. கேமரா இரண்டு. சீட்டைப் பிரித்துப் படித்ததும் வந்த கோபத்தில் அதை அப்படியே வாயில் போட்டு மென்றுவிடலாம் போலிருந்தது. பேசுவதற்கென்றே பிறந்தவள் நான். வீட்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் கல்லூரிக்கு எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. தொலைக்காட்சிப் படிப்பில் நான் சேர்ந்ததே விளக்கு வெளிச்சத்தில் மைக் மாட்டிக்கொண்டு உட்காரத்தான். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் வாயைத் திறக்கவே கூடாத இடத்தில் நிறுத்தினால் எப்படி இருக்கும்?

அதைவிட வயிற்றெரிச்சல், பேட்டி எடுப்பவர் என்ற சீட்டு தவணைக்குப் போனது. தவணை என் வகுப்புத் தோழன். அவன் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்து யாரும் பார்த்ததில்லை. பாதி சொல்வான், நிறுத்துவான், கூரையைப் பார்ப்பான். மீதி வருவதற்குள் நாம் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். தவணை முறையில் பேசுகிறான் என்று அந்தப் பெயரை வைத்தவளே நான்தான். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "பேரு நல்லா..." என்று ஆரம்பித்தான். "இருக்குல்ல?" என்று முடித்துவிட்டு நான் நடையைக் கட்டினேன்.

வருடக் கடைசியில் எங்கள் வகுப்பு அரை மணி நேரப் பேட்டி ஒன்றை நேரலையாக நடத்தியாக வேண்டும். கல்லூரியின் சேனல் ஊரில் எல்லா வீடுகளிலும் வரும். பதிவு செய்து, வெட்டி ஒட்டிச் சரிசெய்யும் வேலையெல்லாம் கிடையாது, வந்தது வந்ததுதான். விருந்தினர் யார் தெரியுமா? ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் அம்மா. அவர் குரலைக் கேட்காதவர் ஊரில் கிடையாது, முகத்தைப் பார்த்தவரும் கிடையாது. 'தாமதத்திற்கு வருந்துகிறோம்' என்று அவர் சொல்வதை நான் அச்சு அசலாகச் செய்து காட்டுவேன். அந்தப் பேட்டி என் கையை விட்டுப் போனதை என்னால் தாங்கவே முடியவில்லை.

பாடம் எடுக்கும் மேடத்திடம் போய் நின்றேன். "ரெண்டு பேரும் சம்மதிச்சா மாத்திக்கோங்க" என்றார். அப்புறம் என்ன, காரியம் முடிந்தது என்று நினைத்தேன். தவணை மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"டேய், உனக்கு நல்ல சேதி" என்றேன். "கேமராவை நீ எடுத்துக்கோ, பேட்டியை நான் பாத்துக்கிறேன். கேமராவுக்குப் பின்னாடி உன்னை யாரும் பேசச் சொல்ல மாட்டாங்க. நிம்மதி."

"எனக்கு..." என்றான்.

"தேங்க்ஸ் எல்லாம் வேணாம்."

"எனக்கு இது வேணும்" என்று முடித்தான்.

அவன் படியைப் பார்த்துக்கொண்டு, "எங்க வீட்ல ஏகப்பட்ட குடை இருக்கு" என்றான்.

"அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

கையை உயர்த்தி என்னை நிறுத்தினான். "கடைக்குப் போவேன். எனக்கு ஒரு நல்ல, அப்படின்னு ஆரம்பிப்பேன். குடைதானே தம்பி, இந்தான்னு கடைக்காரர் எடுத்துக் குடுத்துடுவார். எனக்கு வேண்டியது... டார்ச் லைட். அதைச் சொல்றதுக்குள்ள பில் போட்டுடுவார். வீட்ல அக்கா முடிச்சு வைப்பா. அக்கா விட்டா மாமா. வகுப்புல நீ. நீங்க முடிக்கிறது நான் சொல்ல வந்தது இல்ல. ஆனா கேக்க நல்லா இருக்கும். சரின்னு விட்டுடுவேன்." விரலால் படியில் கோடு கிழித்தான். "அரை மணி நேரம். நான் ஆரம்பிச்சதை..."

"நீயே நடத்தணும். அதானே?"

"நானே முடிக்கணும்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சுருக்கென்றதும் திருந்திவிடுகிற ஆள் இல்லை நான். வீட்டுக்குப் போய் இதை முழுமூச்சாகப் புலம்பினேன். அம்மா துணி தைத்துக் கொடுக்கும் வேலை செய்கிறாள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "வாய்க்கு ஒரு மாசம் லீவுன்னு நெனச்சுக்கோயேன்" என்றாள். "உன்னை ரேடியோன்னு கூப்பிட ஆரம்பிச்சதே..."

"ஓயாம பேசுறேன்னுதான். தெரியும்மா" என்றேன். அம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

கேமரா என்றால் தோளில் வைத்துக்கொண்டு ஓடுவது என்று நினைத்திருந்தேன். ஸ்டுடியோ கேமரா அப்படியில்லை. சக்கரம் வைத்த தடித்த தூணின் மேல் என் உயரத்துக்கு நின்றது. பின்னாலிருந்து இரண்டு கைப்பிடிகள் நீண்டிருந்தன. ஸ்டுடியோ டெக்னீஷியன் எங்களைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். மணிக்கட்டில் எப்போதும் கறுப்பு டேப் சுருளை வளையல்போல மாட்டியிருப்பார். எதையும் ஒரு தடவைதான் சொல்வார், அதையும் அவசரமாகத்தான் சொல்வார்.

"வலது கட்டைவிரல்ல ஜூம். இடது கையில ஃபோகஸ். முதல்ல ஆளோட கண்ணுக்குள்ள போ. இமை முடி தெளிவா தெரியுற வரைக்கும் திருகு. அப்புறம் பின்னாடி வா, தெளிவு போகாது. தலைக்கு மேல கொஞ்சம் இடம். மூக்குக்கு முன்னாடி நிறைய இடம்."

"மூக்குக்கு எதுக்குங்க இடம்?"

"பேசுறவன் பேச்சு போக வேண்டாமா? சுவத்துல முட்டுற மாதிரி வச்சா பாக்குறவனுக்கு மூச்சு முட்டும்" என்றவர், கேமராவின் உச்சியில் இருந்த சின்ன விளக்கைத் தட்டிக் காட்டினார். "இது சிவப்பா எரிஞ்சா உன் படம்தான் ஊருக்கே போகுதுன்னு அர்த்தம். அப்ப நீ சிலை. எரியும்போது ஆட்டினே, தொலைஞ்சோம்."

முதல் நாள் பூட்டைத் திறக்காமல் கைப்பிடியை இழுத்து மல்லுக்கட்டினேன். பூட்டைத் திறந்ததும் கேமரா தலைகுப்புறத் தரையைப் பார்த்தது. தவணையைப் படத்துக்குள் கொண்டுவந்தால் சட்டைக் காலர் வரைக்கும் அழகாக வந்தது, அதற்கு மேல் ஆளில்லை. மாடியிலிருந்த கண்ட்ரோல் ரூமிலிருந்து ஹெட்செட்டில் ஒரு குரல் வந்தது. "கேமரா ரெண்டு, தவணையோட தலை எங்க?"

இது ஹெட்மிஸ். அவளும் என் வகுப்புதான். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியைபோல ஆளை மிரட்டுவாள் என்பதால் அந்தப் பெயர். இயக்குநர் சீட்டு அவளுக்கு வந்திருந்தது. எந்தக் கேமராவின் படம் வெளியே போக வேண்டும் என்று பட்டனை அழுத்துவதும் அவளே.

"தேடிக்கிட்டுதான் இருக்கேன், இங்கதான் எங்கேயோ வச்சேன்" என்றேன். நான் சொன்னது தவணையின் மைக்கில் விழுந்து, பதிவில் கணீரென்று வந்தது. அன்றைக்கே இன்னொன்றும் விழுந்தது. "அடேயப்பா, பக்கத்துல போனா என்னா மூக்கு!" அதைப் போட்டுப் பார்த்து வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. தவணையும் சிரித்தான், மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஹெட்மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. டெக்னீஷியனைக் கூப்பிட்டு என் ஹெட்செட்டில் பேசும் வசதியையே பிடுங்கச் சொல்லிவிட்டாள்.

"ரேடியோவை அணைச்சாச்சு" என்றாள். "இனி நான் சொல்றது உனக்குக் கேக்கும், நீ எனக்குப் பேச முடியாது. கேள்வி கேட்டா கேமராவால பதில் சொல்லு. ஆமான்னா மேலயும் கீழயும் ஆட்டு. இல்லன்னா இந்தப் பக்கம் அந்தப் பக்கம். படத்தை நான் இங்க பாத்துக்கிறேன். சிவப்பு எரியும்போது மட்டும் கூடாது."

வேண்டுமென்றே என்னை அவமானப்படுத்துகிறாள் என்று குமுறினேன். டெக்னீஷியன்தான், "எல்லா ஸ்டுடியோலயும் கேமராக்காரங்க பாஷையே இதுதான்" என்றார். அதைக் கேட்டதும் கொஞ்சம் கௌரவமாக இருந்தது. அது வெகு சீக்கிரம் பழகியும் போனது. "சாப்டியா?" என்று ஹெட்செட்டில் கேட்பாள். கேமரா ஆமாம் என்று தலையாட்டும். "எனக்கு ஏதாவது வச்சிருக்கியா?" கேமரா இல்லை என்று தலையாட்டும். வேகமாக ஆட்டினால் கோபம், மெதுவாக ஆட்டினால் சலிப்பு, பாதியில் நிறுத்தினால் யோசனை. இவ்வளவு பேசலாமா இதில் என்று எனக்கே ஆச்சரியம்.

வீட்டிலும் பயிற்சிதான். இரண்டு கை விரல்களையும் படச் சட்டம்போல மடக்கிப் பிடித்துக்கொண்டு, அம்மா அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே போவேன், மெஷினுக்கு வந்தால் பின்னாலேயே வருவேன். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் தலைக்கு மேல் கொஞ்சம் இடமும் மூக்குக்கு முன்னால் நிறைய இடமும் விட்டுவிடுவேன்.

"நாலு நாளா ரேடியோல சத்தமே வரலையே, பேட்டரி போயிடுச்சா?" என்றார் அப்பா.

"அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு இவளுக்கு..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"அம்மா, நகராத, ஃபோகஸ் போயிடுது" என்றேன் நான்.

ஒரு நாள் ஒத்திகையில் தவணை நாற்காலியிலிருந்து எழுந்து சுவரில் மாட்டியிருந்த பலகைவரை நடக்க வேண்டியிருந்தது. அவன் எழுந்தபோது கேமராவும் கூடவே எழுந்தது. அவன் நடந்தான், கேமரா நடந்தது. தலை தப்பவில்லை, மூக்கு முட்டவில்லை, எங்கேயும் குலுங்கவில்லை. அவன் நின்ற இடத்தில் படமும் பஞ்சுபோல வந்து நின்றது. ஹெட்செட்டில் ஹெட்மிஸ் மெதுவாக, "அடிப்பாவி" என்றாள். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தெருவில் போவோர் வருவோரை எல்லாம் படத்துக்குள் வைத்து அனுப்பிக்கொண்டே போனேன்.

அது எப்படி முடிந்தது என்றால், அவன் எழப்போவது எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. நாள் முழுக்க ஒருத்தன் முகத்தையே பெரிதாகப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் தெரிந்துவிடும். எழுவதற்கு முன் இடது தோள் லேசாக இறங்கும். பேச்சை நிறுத்தும்போது அவன் கூரையைப் பார்ப்பதாக நான் நினைத்திருந்தது தப்பு. கண் ஒரு வார்த்தையைத் தேடும். ஒன்றை எடுக்கும், வேண்டாம் என்று வைத்துவிடும், இன்னொன்றை எடுக்கும். எடுத்ததும் உதட்டோரம் துளி இறுக்கம் தளரும். அந்த நேரத்தில்தான் எப்போதும் யாராவது, பெரும்பாலும் நான், குறுக்கே விழுந்து முடித்துவைத்திருக்கிறோம். ஆள் வாசலுக்கு வந்து கதவைத் திறக்கப்போகும் சமயத்தில் வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போயிருக்கிறோம்.

அடுத்த ஒத்திகையில் டெக்னீஷியனை விருந்தினர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கேமரா ஒன்று விருந்தினரைப் பார்க்கும். என் கேமரா விருந்தினரின் தோளுக்குப் பின்னாலிருந்து தவணையைப் பார்க்கும். நடுவில் ஒரு கேள்வியில் அவன் தடுக்கி நின்றுவிட்டான். ஹெட்மிஸ் கேமரா ஒன்றுக்கு மாற்றிவிட்டு, "கேமரா ரெண்டு, ரெடியா?" என்றாள். ஆமாம் என்று மெதுவாக ஆட்டினேன். உடனே தவணை முகம் மலர்ந்து, விட்ட இடத்திலிருந்து கேள்வியை அழகாகக் கேட்டு முடித்தான்.

ஒத்திகை முடிந்ததும் என்னிடம் வந்தான். "நீ உம் கொட்டினியே... அது நல்லா இருந்துச்சு."

"நானா? உம்மா?"

"லென்ஸைப் பாத்தா கிணத்தைப் பாக்குற மாதிரி இருக்கு. யாரும் கேக்காத மாதிரி. நீ ஆட்டினப்ப... ஒருத்தர் கேக்குறாங்கன்னு தெரிஞ்சுது."

நான் ஹெட்மிஸ்ஸுக்குத்தான் பதில் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. கதை கேட்கிறவர்கள் உம் கொட்டுவார்கள் இல்லையா, அதை என் வாழ்நாளில் நான் யாருக்கும் செய்ததே கிடையாது. அதற்கெல்லாம் எனக்கு நேரம் ஏது? ஆனால் அன்றிலிருந்து சிவப்பு எரியாத நேரம் பார்த்து, அவன் நிற்கும் இடத்தில் எல்லாம் கேமரா ஓர் 'உம்' கொட்டியது. அவன் பேசினான். தவணை கட்டினான்தான், ஆனால் பாக்கி வைக்காமல் கட்டினான்.

நேரலை அன்று மாலை அறிவிப்பு அம்மா வந்தார். மடியில் கைப்பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஒலிபெருக்கியில் ஊரையே அதட்டும் குரலுக்குச் சொந்தக்காரர் இவ்வளவு கூச்சப்படுவார் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. விளக்குகள் எரிந்தன. ஹெட்மிஸ் எண்ணிக்கையை முடித்தாள். என் தலைக்கு மேல் சிவப்பு எரிந்தது, தவணை வணக்கம் சொல்லி ஆரம்பித்துவிட்டான். குரல் நடுங்கவில்லை.

ஆனால் அறிவிப்பு அம்மாவோ வாயைத் திறந்தால் ஒரே வார்த்தைதான். "இந்த வேலை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" "ஆம்." "பேசிப் பேசித் தொண்டை வலிக்குமா?" "இல்லை." நிலையத்தில் சொல்கிற அதே குரல், அதே நிறுத்தம். எழுதிக் கொடுக்காமல் அவருக்குப் பேச வராது போலிருக்கிறது. தவணை கையிலிருந்த கேள்வி அட்டைகள் மளமளவென்று குறைந்தன. "பாதி நேரம்கூட ஆகல, அட்டை தீரப்போகுது" என்று ஹெட்மிஸ் என் காதில் அழாத குறையாகச் சொன்னாள்.

அப்போது தவணை ஒரு காரியம் செய்தான். மிச்சமிருந்த அட்டைகளை மேஜையில் கவிழ்த்து வைத்தான். என் படத்தில் அவன் முகம் மட்டும்தான் இருந்தது.

"நீங்க..." என்றான். "இத்தனை வருஷமா..."

நிறுத்தினான். கண் தேட ஆரம்பித்தது. எனக்குத் தெரியும், தேடுகிறான். ஆனால் அது மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? கேமரா ஒன்றைப் பிடித்திருந்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"போச்சு, உறைஞ்சுட்டான்" என்றாள் ஹெட்மிஸ். "ரேடியோ, நீ கேளு! கேமராவுக்குப் பின்னாடி இருந்தே சத்தமா கேளு! மறக்க முடியாத அறிவிப்பு எதுன்னு கேளு. உனக்குத்தான் வாய் இருக்கே, கேளுடி!"

ஒரு மாதமாக நான் ஏங்கியது என் காதுக்குள் வந்து நின்றது. கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. படத்தில் அவன் கண் ஒரு வார்த்தையை எடுத்து, வைத்து, இன்னொன்றை எடுத்தது. மாட்டேன் என்று நினைத்தேன். ஹெட்மிஸ் கேள்வி கேட்டால் கேமராவால் பதில் சொல்லித்தானே பழக்கம்? கை தானாகவே போனது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மாட்டேன், மாட்டேன்.

சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

ஊர் முழுக்க, ஒவ்வொரு வீட்டிலும், தவணையின் முகம் இடமும் வலமும் போய் வந்தது. "ஐயோ, சிவப்பு! சிவப்பு!" என்று ஹெட்மிஸ் கத்தினாள். அதுகூடப் பெரிதில்லை. தவணை அதைப் பார்த்துவிட்டான். இத்தனை நாளும் உம் கொட்டிய கேமரா, இன்றைக்கு அவன் சொந்தமாக ஒரு கேள்வியை ஆரம்பித்த நேரத்தில், இல்லை என்று தலையாட்டுகிறது. அவன் முகம் விழுந்ததை அவ்வளவு பக்கத்தில் நான்தான் பார்த்தேன். கை மெல்ல அட்டைகளை நோக்கிப் போனது.

சிலையாக நிற்க வேண்டிய நேரம் அது. மார்க் போகும், மேடம் கிழிப்பார், டெக்னீஷியன் என் முகத்தில் விழிக்கவே மாட்டார். போகட்டும் என்று இரண்டு கைப்பிடியையும் அழுத்திப் பிடித்தேன். சிவப்பு எரிய எரிய, ஊர் பார்க்கப் பார்க்க, மெதுவாக மேலே போய்க் கீழே வந்தேன். உம். இன்னொரு முறை. உம், சொல்லு.

அவன் கை அட்டைமேல் நின்றது. லென்ஸையே பார்த்தான். உதட்டோரம் தளர்ந்தது. அறிவிப்பு அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"இத்தனை வருஷமா, ரயில் லேட்டானா நீங்கதான் வருந்துகிறோம்னு சொல்றீங்க. தப்பு உங்களோடது இல்ல. இருந்தாலும் தினமும் மன்னிப்பு கேக்குறீங்க. உங்களை... யாராவது மன்னிச்சிருக்காங்களா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்வி எனக்குச் சாகும்வரை தோன்றியிருக்காது. அறிவிப்பு அம்மா அவனையே பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். கைப்பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, அதை அவர் எடுக்கவே இல்லை.

"ஒருத்தர் மன்னிச்சார் தம்பி" என்றார். குரல் மாறிவிட்டது, வீட்டில் பேசுகிற குரல். "ரொம்ப நாளைக்கு முன்னாடி. யாருன்னு தெரியாது. நான் மேல சின்ன ரூம்ல இருப்பேன், ஜன்னல்கூடக் கிடையாது. பிளாட்பாரத்துல டீ விக்கிறவர் வந்து சொன்னார். ஒருத்தர் ஒலிபெருக்கியை அண்ணாந்து பாத்து, பரவாயில்லம்மா, நீ என்ன பண்ணுவேன்னு சொல்லிட்டுப் போனாராம். அன்னையில இருந்து நான் வருந்துகிறோம்னு சொல்லிட்டு ஒரு நொடி நிறுத்துவேன். கவனிச்சிருக்கீங்களா? கீழ யாரோ பரவாயில்லன்னு சொல்றாங்க, அவங்க சொல்லி முடிக்கட்டும்னுதான்."

அதற்கப்புறம் அவரை நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது. மழைநாளில் ரயில் தாமதமானால் தனக்கு உள்ளுக்குள் வருத்தமே இருக்காது, ஓட்டுகிறவர் நிதானமாக வரட்டும் என்றுதான் இருக்கும், ஆனால் எழுதியிருப்பதை வாசித்தாக வேண்டுமே என்றார். ஒரு தடவை தன் கணவரே ரயிலைத் தவறவிட்டு வீட்டுக்கு வந்து, உன் பேச்சைக் கேட்டுத்தான் கெட்டேன் என்று சண்டை போட்டதைச் சொன்னார். தவணை ஒவ்வொரு கேள்வியையும் தவணையாகவே கேட்டான், எல்லாவற்றையும் அவனே முடித்தான். நேரம் ஆகிவிட்டது என்று ஹெட்மிஸ் என் காதில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் கேமராவுக்குப் பின்னால், சத்தம் வெளியே வராமல், வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

முடிந்ததும் மேடம் வந்தார். "நேரலையில கேமரா ஆடுச்சு, மார்க் போகும்" என்றார். சரிங்க மேடம் என்றேன். டெக்னீஷியன் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் சிரித்துக்கொண்டேதான் அடித்துக்கொண்டார். ஹெட்மிஸ் மாடியிலிருந்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள், கிள்ளவும் செய்தாள்.

நான் கேமராவைப் பூட்டி உறை போட்டுக்கொண்டிருந்தபோது தவணை வந்து பக்கத்தில் நின்றான்.

"இன்னைக்கு நீ..." என்றான்.

என் வாய்க்குள் நாலைந்து முடிவுகள் முட்டி மோதின. இன்னைக்கு நீ காப்பாத்திட்ட. இன்னைக்கு நீ ஆட்டினதுல நான் பயந்துட்டேன். இன்னைக்கு நீ ஏண்டி அப்படிப் பண்ண. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, "உம்" என்றேன். கேமரா இல்லாமல் நானே கொட்டிய முதல் உம் அதுதான்.

அவன் நிதானமாகத் தேடினான். "என் தலையையும் வெட்டல" என்றான். "பேச்சையும் வெட்டல."

வீட்டில் சாப்பாடு தட்டில் விழுவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். "படம் திடீர்னு இல்ல இல்லன்னு தலையாட்டுச்சு. சரி, டிவிக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு எழுந்துபோய் முதுகுல ஒரு தட்டு தட்டினேன் பாரு. உடனே ஆமா ஆமான்னு ஆட்டுச்சு. அப்புறம் நின்னுடுச்சு."

"இவர் தட்டித்தான் சரியாச்சுன்னு பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிட்டு வந்துட்டார்" என்று அம்மா சிரித்தாள். சிரித்து முடித்து என்னைப் பார்த்தாள். "அன்னைக்கும் இப்படித்தான் ஒரு தட்டு. உன்னை ரேடியோன்னு கூப்பிட ஆரம்பிச்சதே..."

அங்கே நிறுத்தினாள். நான் குறுக்கே விழுவதற்கு இடம் விட்டு நிறுத்திப் பழகிவிட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உம்" என்றேன்.

அம்மா என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "உடம்பு ஏதும் சரியில்லையாடி?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ சொல்லும்மா."

"நீ பொறந்தப்ப அழவே இல்ல" என்றாள் அம்மா. "வாயைத் திறக்கல. நர்ஸு முதுகுல தட்டினா, சத்தமில்ல. தலைகீழாப் பிடிச்சுத் தட்டினா, சத்தமில்ல. அந்த ரூம்ல யாருமே பேசல. எனக்கு உசுரே போயிடுச்சு. அப்புறம் இன்னொரு தட்டு. கத்த ஆரம்பிச்ச பாரு, அந்தக் கட்டடமே அதிர்ந்துச்சு! நாள் பூரா ஓயல. பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம், பிள்ளைய ஏதாவது பண்ணி நிறுத்துங்கன்னு சண்டைக்கே வந்துட்டாங்க. உங்கப்பாதான் கட்டிலுக்குக் குறுக்கே நின்னுக்கிட்டு, ரேடியோ பாடட்டும், யாரும் அதை அணைக்கக் கூடாதுன்னார். எங்களுக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்துச்சு. அன்னைக்கு வந்த பேருடி அது."

இத்தனை வருடமும் அதைக் கேலிப்பெயர் என்றே நினைத்திருந்தேன். எத்தனை தடவை அம்மா இதை ஆரம்பித்திருப்பாள், எத்தனை தடவை நான் தெரியும் தெரியும் என்றிருப்பேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். ஊரில் யாருக்கும் இல்லாத வாய் எனக்கு, ஒரு வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டினேன்.

அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்ன, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டு, என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டேன்.